லிஃப்ட் பொய் சொல்லாது

“நீங்க கொஞ்சம் இறங்கிக்கிறீங்களாம்மா?”

கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். குரலில் தேன் சொட்டியது. ஆனால் லிஃப்டுக்குள் நின்ற அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பிப் பல்லக்காவைப் பார்த்தன. உச்சியில் எங்கிருந்தோ ஒரு மணி, வாலை மிதித்த பூனை மாதிரி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

கடைசியாக ஏறியவள் பல்லக்கா. அவள் ஏறி நின்று மூச்சு விடுவதற்குள் மணி கத்த ஆரம்பித்துவிட்டது. இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டு கையாலும் ஏந்தியிருந்த தட்டு ஆடாமல், வந்த வழியே பின்பக்கமாக இறங்கினாள். மணி கப்சிப்பென்று அடங்கியது. கதவு மூடியது. மூடுகிற கடைசி இடுக்கு வழியாக, “ரொம்ப நன்றிம்மா” என்றது அந்தத் தேன் குரல்.

அது ஆறு மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் பல் ஆஸ்பத்திரி. ஐந்தாம் மாடியின் ஒரு மூலை அறையில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பல் செட் கட்டும் வேலை நடக்கிறது. வேலைக்கு ஆள், முதலாளி, பெருக்குகிறவள் எல்லாம் அவள் ஒருத்திதான். அதனால் கட்டடத்துக்கே அவள் பல்லக்கா. பல் இல்லாதவர்களின் வாயில் டாக்டரம்மா எடுத்த அளவு அச்சுகளைக் கீழிருந்து மேலே கொண்டுபோவாள். மெழுகில் பற்களை வரிசையாக நட்டு, வாயில் வைத்துப் பார்ப்பதற்காக மேலிருந்து கீழே கொண்டுவருவாள். சரியாக இருந்தால் திரும்ப மேலே போய்க் கெட்டியான செட்டாக மாற்றுவாள். ஆக, நாள் முழுக்கத் தட்டும் கையுமாக ஏற்றமும் இறக்கமும்தான். அந்தக் கட்டடத்தில் இரண்டு கையும் நிறைந்து லிஃப்டுக்கு வருகிறவள் அவள் ஒருத்தியே.

தேன் குரலுக்குச் சொந்தக்காரர் குடை சார். ஆறாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த இன்சூரன்ஸ் ஆபீஸின் மேனேஜர். மழையோ வெயிலோ, கையில் நீளக் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. லிஃப்டில் கதவோரமாக நின்றுகொள்வார். பல்லக்கா தட்டோடு வருவதைப் பார்த்தால் குடையை நீட்டிக் கதவைத் தடுத்து, “வாங்கம்மா, வாங்க, மெதுவா வாங்க” என்பார். அவள் ஏறி நிலைகொள்கிறவரை குடையை எடுக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதரே வாய்விட்டு இறங்கச் சொன்னார் என்றால்?

பல்லக்கா படியில் ஏறிக்கொண்டே யோசித்தாள். ‘இத்தனை வருஷமா வாயைத் திறக்காத லிஃப்ட் இது. இன்னிக்குக் கத்துதுன்னா, லிஃப்ட் மாறல. நான்தான் மாறியிருக்கேன்.’

இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியது. மூன்றாம் மாடியில் முழங்கால் அழுதது. நான்காம் மாடியில், போன வாரம் உறவுக்காரர் கல்யாணத்தில் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்ட கேக் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்தாம் மாடியில் ஒரு முடிவோடு போய் நாற்காலியில் விழுந்தாள். எடையைக் குறைப்பது. குறைக்கிறவரை லிஃப்டை மிதிப்பதில்லை.

முடிவு நல்ல முடிவுதான். ஆனால் மெழுகில் நட்ட பல்லைத் தூக்கிக்கொண்டு படியில் ஓட முடியாது. ஓடினால் பல் ஆடும். ஆடாமல் இறங்கினால் நேரமாகும்.

“ஏம்மா, ஜட்ஜ் ஐயா எவ்வளவு நேரமா வாயைத் திறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கார் தெரியுமா?” என்றார் டாக்டரம்மா.

ஓய்வுபெற்ற ஜட்ஜ் நாற்காலியில் சாய்ந்தபடி, திறந்த வாயாலேயே ஆமாம் என்பதுபோல் ஒரு சத்தம் கொடுத்தார்.

“சாரி டாக்டரம்மா. படியில வந்தேன்.”

“ஏன், லிஃப்ட் ரிப்பேரா?”

பல்லக்காவுக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. “உடம்புக்கு நல்லதுன்னு…” என்று இழுத்தாள்.

“உங்க உடம்புக்கு நல்லது. என் கிளினிக்குக்கு?” டாக்டரம்மா கையுறையை உருவினார். “அடுத்த தெருவுல பெரிய லேப் ஒண்ணு திறந்திருக்காங்க. போன் பண்ணினா வண்டியில கொண்டாந்து வாசல்ல தர்றோம்ங்கறாங்க. எங்ககிட்ட ஒரு அக்கா இருக்காங்க, கைவேலைன்னா கைவேலைன்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். என்னைப் பொய்க்காரியாக்கிடாதீங்க.”

பல்லக்காவுக்குத் தன் அறை கண்முன் வந்து நின்றது. அந்த மூலை அறை, ஜன்னலோர மேஜை, பற்களை நிறவாரியாக அடுக்கிய சின்னச் சின்ன டப்பாக்கள். அதை விட்டால் அவளுக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

சாயங்காலம் வாசலில் குடை சார் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“காலையில நடந்ததுக்கு வருத்தப்படாதீங்கம்மா. நாலு பேர் நேரத்துக்கு ஆபீஸ் போகணுமேன்னு கேட்டேன்.”

“அதுக்கென்ன சார். நான்தான் கொஞ்சம்… உடம்பு போட்டுட்டேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க!” குடை சார் குடையால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். “இந்த பேண்ட்டைப் பாருங்க. என் கல்யாணத்துக்குத் தைச்சது. இன்னும் பெல்ட் போட்டாத்தான் நிக்குது. என்ன ரகசியம்? எடை எங்கே இருக்கு? இடுப்புலயா? இல்லம்மா. இங்க இருக்கு.” நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். “மனசு லேசானா உடம்பு தானா லேசாகும்.”

“அதுக்கு என்ன சார் பண்ணணும்?”

“சாப்பாட்டுத் தட்டு முன்னாடி கண்ணை மூடிக்குங்க. அத்தனையையும் சாப்பிட்டு முடிச்சுட்டதா நினைங்க. மனசுலயே மெல்லணும். மனசுலயே முழுங்கணும். கடைசியில மனசுலயே ஒரு ஏப்பம் விடணும். ஏப்பம் ரொம்ப முக்கியம். அப்புறம் கண்ணைத் திறந்தா பசி இருக்காது.”

அன்று இரவுச் சாப்பாட்டில் பல்லக்கா ரொட்டிக்கும் முட்டைக்கும் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தாள்.

எதிரே மாமியார். மாமியார் வாயில் இருப்பது மருமகள் கட்டிக் கொடுத்த செட். அது பாறையைக் கொடுத்தாலும் கடிக்கும்.

“ஏண்டா, உன் பொண்டாட்டி உக்காந்துகிட்டே தூங்கறாளா?” என்றாள் மாமியார்.

“சாப்பிடறாம்மா,” என்றான் புருஷன். அவனுக்கு டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுக்கிற வேலை. பகல் முழுக்கப் புதிதாக ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், வீட்டில் எதற்கும் பதற மாட்டான்.

“தட்டுல அப்படியே இருக்கே?”

“மனசுக்குள்ள சாப்பிடறாளாம்.”

மாமியார் சிறிது நேரம் மென்றபடி யோசித்தாள். “அப்போ தட்டுல இருக்கறதை யார் சாப்பிடறது?”

நல்ல கேள்வி. புருஷன் அதற்கு வாயால் பதில் சொன்னான். தட்டை அருகில் இழுத்துக்கொண்டான்.

மனதுக்குள் சாப்பிடுவதில் இருக்கிற சங்கடத்தைக் குடை சார் சொல்லியிருக்கவில்லை. அங்கே வெண்ணெய்க்கு அளவு கிடையாது. தட்டில் இருந்தது ஒரு முட்டை. மனதில் மூன்று பொரிந்தன. ரொட்டி நெய்யில் முறுகியது. கூடவே கல்யாணத்துக் கேக்கும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டு மனதிலேயே பெரிய ஏப்பமாக விட்டுக் கண்ணைத் திறந்தபோது, பசி இரண்டு மடங்காகியிருந்தது. தட்டோ கழுவி வைத்தது போலிருந்தது.

“என்னங்க, என் முட்டை?”

“நீதான் சாப்பிட்டு ஏப்பமே விட்டுட்டியே. மூஞ்சியில தெரிஞ்சுது.”

“விட்டுடும்மா,” என்றாள் மாமியார். “பல்லைப் போட்டுக் கொடுத்த மகராசி நீ பட்டினி கெடக்குற, அதே பல்லால நான் உன் பிஸ்கட்டையும் சேர்த்துக் கடிக்கிறேன். எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு.” சொல்லிவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள்.

பசியோடு செய்யக் கூடாத வேலைகள் சில உண்டு. பல் கட்டுவது அதில் ஒன்று. மெழுகு இளஞ்சிவப்பாக இருக்கும். விளக்கில் காட்டினால் பளபளவென்று உருகும். சாதாரண நாளில் அது மெழுகு. பட்டினி கிடக்கிறவளுக்கு அது கேக்கின் மேல் தடவுகிற கிரீம். பற்கள் ஒவ்வொன்றும் பாதாம் பருப்பு. பல்லக்கா அந்த வாரம் ஜட்ஜ் ஐயாவுக்கு ஒரு செட்டும், மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருக்கிற அம்மாவுக்கு ஒரு செட்டும் கட்டினாள். கட்டும்போது பார்வை பல்லில் இருந்தது, நினைப்பு பாதாமில் இருந்தது. இரண்டையும் டப்பாவில் போட்டுப் பேர் ஒட்டினாள். தட்டில் வைத்துப் படியில் இறங்கினாள்.

முதலில் ஜட்ஜ் ஐயா. டாக்டரம்மா மேல்செட்டை வைத்தார். ஜட்ஜ் வாயை மூடிப் பார்த்தார். மூடவில்லை. முகத்தில் பாதி பல்லாகவே தெரிந்தது. வாழ்நாளில் கோர்ட்டில் ஒரு தடவைகூடச் சிரிக்காத மனிதர், ஒரு கூடை மீனையும் விற்று முடித்த சந்தோஷத்தில் இருப்பது போல் இருந்தார். கண் மட்டும் கோபமாக இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். செட் தொப்பென்று மடியில் விழுந்தது.

அடுத்த நாற்காலியில் மீன் கடை அம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “ஏன் டாக்டரம்மா, இதை வச்சா எனக்குச் சிரிப்பே வரமாட்டேங்குதே. யாரையாவது முறைக்கணும் போல இருக்கு. இப்படி முறைச்சா எவன் மீன் வாங்குவான்?”

டாக்டரம்மா இரண்டு செட்டையும் பார்த்தார். இரண்டு டப்பாவையும் பார்த்தார். பிறகு பல்லக்காவைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“இன்னும் ஒரு தடவை,” என்றார் மெதுவாக. “லேட்டோ, தப்போ, இன்னும் ஒரே ஒரு தடவை. அப்புறம் நான் அந்த லேபுக்குப் போன் பண்ணிடுவேன். என் மேல வருத்தப்படாதீங்க.”

நாட்கள் ஓடின. படி ஏறி இறங்கியதிலும், தன் தட்டு புருஷன் பக்கம் போனதிலும் பல்லக்காவின் உடம்பு நிஜமாகவே இறங்க ஆரம்பித்தது. துணியெல்லாம் தொளதொளத்தது. மோதிரம் மெழுகுச் சட்டியில் கழன்று விழுந்தது.

“நீ பாதியாயிட்டே,” என்றான் புருஷன்.

“நீங்க ஒன்றரை ஆயிட்டீங்க,” என்றாள் அவள்.

அதுவும் உண்மை. காரில் சீட் பெல்ட் அவனைச் சுற்றி வர மறுத்தது. வண்டி இடதுபக்கம் இழுக்கிறது, சக்கரத்தில் காற்று பார்க்கணும் சார் என்று ஒரு மாணவன் சொல்லியிருக்கிறான். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடதுபக்கம் உட்கார்ந்திருந்தது அவன்.

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். “வீட்டு எடை எங்கேயும் போயிடலை. உன்கிட்டேர்ந்து இவன்கிட்ட வந்திருக்கு. அவ்வளவுதான்.”

ஒருநாள் விடிந்தும் விடியாததுமாகக் கட்டடத்துக்குப் போனாள் பல்லக்கா. யாரும் இல்லை. சாமி கும்பிடுவதுபோல் ஒரு நிமிஷம் நின்று, லிஃப்டில் காலை வைத்தாள். கதவு மூடியது. சத்தமே இல்லாமல் ஐந்தாம் மாடியில் கொண்டுபோய் இறக்கியது. அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தால் கத்துமோ என்று பயந்து நடந்தே போனாள்.

மத்தியானம் குடை சாரிடம் சொன்னாள். அவர் பரிவோடு புன்னகைத்தார்.

“தனியா போனா எந்த லிஃப்டும் தூக்கும்மா. நாலு பேரோட போகும்போது தூக்குதா? அதுதான் பரீட்சை. என்கூட வாங்க.”

ஆறாம் மாடிக்குப் போகிற கூட்டம் உள்ளே நின்றது. குடை சார் கதவோரமாகத் தன் இடத்தில் நின்றுகொண்டு குடையை நீட்டினார். “வாங்கம்மா, வாங்க. மனசை லேசா வச்சுக்குங்க. நீங்க ஒரு பஞ்சு. நீங்க ஒரு இறகு…”

இறகு தட்டோடு உள்ளே வந்தது.

மணி கத்தியது.

அத்தனை தலைகளும் திரும்பின. பல்லக்காவின் காதுமடல் சுட்டது.

“என்ன சார் இது? ரெண்டு சுத்து இளைச்சிருக்கேன் சார்!”

“உடம்பு இளைச்சிருச்சு,” என்றார் குடை சார் வருத்தமாக. “மனசு இளைக்கலை. லிஃப்ட் பொய் சொல்லாதும்மா.”

அதன்பிறகு நடந்ததெல்லாம் பைத்தியக்காரத்தனம்தான். மறுநாள் கைப்பையை மேலேயே வைத்துவிட்டு வந்தாள். மணி கத்தியது. அடுத்த நாள் வாட்ச், வளையல், தோடு எல்லாம் வீட்டோடு நின்றன. கத்தியது. செருப்பைக் கழற்றித் தட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு ஏறினாள். கத்தியது.

“அக்கா, செருப்பைக் கையில வச்சா எடை குறையுமா?” என்று கேட்டாள் இன்சூரன்ஸ் ஆபீஸ் டைப்பிஸ்ட்.

“கால்ல பாரம் குறையுதே,” என்றாள் பல்லக்கா. சொன்ன பிறகு அவளுக்கே அது விளங்கவில்லை.

ஒருநாள் உள்ளே குடை சாரும் டைப்பிஸ்ட்டும் மட்டும்தான். டைப்பிஸ்ட் காற்றடித்தால் பறக்கிற ரகம். அப்போதும் கத்தியது.

“மூணே பேரு! அதுக்கே கத்துதா?” என்றாள் டைப்பிஸ்ட்.

“சில பேருக்கு எலும்பே கனம்,” என்று விளக்கம் கொடுத்தார் குடை சார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க கொஞ்சம்…”

“இறங்கிக்கிறேன் சார்.”

கனமான எலும்பைத் தூக்கிக்கொண்டு பல்லக்கா படிக்குப் போனாள். அன்று வீட்டில் மனதுக்குள்கூடச் சாப்பிடவில்லை. மனதில் சாப்பிட்டால் மனது எடை போடுமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. புருஷனிடம் எலும்பு விஷயத்தைச் சொன்னாள்.

“எலும்பு கனமா இருந்தா வண்டி நல்லா ரோட்டைப் பிடிச்சுக்கும். நல்லதுதானே,” என்றான் அவன், அவளுடைய சூப்பைக் குடித்தபடி.

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு. என் வேலை போயிடும் போல இருக்குங்க.”

புருஷன் கரண்டியைக் கீழே வைத்தான். அவன் பாதிச் சாப்பாட்டில் கரண்டியைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. மாமியாரும் மெல்லுவதை நிறுத்தினாள்.

“இந்தா,” என்று மிச்ச சூப்பை அவள் பக்கம் தள்ளினான். “இதை நிஜமாவே குடி. முதல்ல தெம்பா இரு. லிஃப்ட் ஒண்ணும் உனக்கு மார்க் போட வரலை.”

அவள் குடித்தாள். நாக்கில் பட்டது நிஜ சூப். கண்ணைத் திறந்துகொண்டே குடிப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

ஜட்ஜ் ஐயாவின் கெட்டிச் செட் தயாரானது. பல்லக்கா இந்தத் தடவை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்திருந்தாள். மெழுகு மெழுகாக இருந்தது. பல் பல்லாக இருந்தது. பேர் ஒட்டும்போது உரக்கப் படித்துவிட்டு ஒட்டினாள். கடைசியாக மெருகு போட்டு ஈரப் பஞ்சில் வைத்தாள். ஜட்ஜ் ஐயா தான் படித்த கல்லூரியில் பேசப் போகிறார். வாசலில் கார் நிற்கிறது. நேராக நாற்காலியிலிருந்து மேடைக்கு.

போன் அடித்தது. டாக்டரம்மா.

“ஐயா உக்காந்துட்டார். கொண்டு வாங்க. இன்னிக்கு மட்டும்…”

“இதோ வந்துட்டேன் டாக்டரம்மா!”

தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். படி முழுக்க சோப்புத் தண்ணீர். மேலிருந்து கீழ்வரை நுரை. துடைப்பமும் வாளியுமாக ஓர் அம்மா குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப கால வைக்காதீங்கக்கா. வழுக்கினா நேரா கீழதான். உங்ககிட்ட இருக்கிற அந்தப் பல்லு உங்களுக்கே தேவைப்படும்.”

பின்னால் லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. உள்ளே டைப்பிஸ்ட்டும், ஃபைல்களோடு இன்னும் இரண்டு பேரும். மூலையில் ஸ்டூல் போட்டு, பக்கத்தில் கருவிப் பையோடு ஒரு மெக்கானிக் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். கதவோரத்தில் குடை சார்.

“வாங்கம்மா, வாங்க!” குடை நீண்டது. குடை சாரின் முகத்தில் ஒரு கொடையாளியின் ஒளி. “உங்களுக்காகத்தான் இவரை நானே சொல்லி வரவழைச்சேன். ஓடவிட்டுப் பார்த்துக்கிட்டிருக்கார். இந்த லிஃப்ட் கொஞ்சம் கூடுதல் எடையைத் தாங்குற மாதிரி திருப்பி வைக்கச் சொல்லப் போறேன். உங்க ஒருத்தருக்காக. தைரியமா ஏறுங்க.”

உங்க ஒருத்தருக்காக. எல்லார் முன்னாலும். பல்லக்காவுக்கு அப்படியே நுரையில் வழுக்கிக்கொண்டு போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் கீழே ஜட்ஜ் ஐயா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

மணி கத்தியது.

தலைகள் திரும்பின. டைப்பிஸ்ட் ‘ஐயோ பாவம்’ என்கிற மாதிரி பார்த்தாள். கீழே ஒரு நாற்காலி, ஒரு கார், ஒரு மேடை. அடுத்த தெருவில் ஒரு லேப். பல்லக்காவின் தட்டு லேசாக நடுங்கியது. உள்ளே ஜட்ஜ் ஐயாவின் மேல்செட்டும் கீழ்செட்டும் கடகடவென்று பேசிக்கொண்டன.

குடை சார் தொண்டையைச் செருமினார். “தப்பா நினைக்காதீங்கம்மா. இவர் இன்னும் திருப்பி வைக்கலை. அதனால நீங்க கொஞ்சம்…”

பல்லக்கா பழக்கதோஷத்தில் பின்பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“எங்கம்மா போறீங்க?” என்றார் மெக்கானிக், வாய் நிறைய பன்னோடு.

“மணி அடிக்குதேங்க. என் வெயிட்டு…”

“வெயிட்டா?” மெக்கானிக் பன்னை முழுங்கினார். “வெயிட்டுக்கு அடிக்கிற மணியைக் கழட்டிக் கொண்டுபோயி ரெண்டு வருஷம் ஆவுதும்மா, இன்னும் புதுசு மாட்டவே இல்லை. இப்ப அடிக்குதே, இது கதவு மணி. குறுக்கால எதையாவது நீட்டிக்கிட்டே இருந்தா அடிக்கும்.”

மணி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பல்லக்காவை நோக்கித் திரும்பியிருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே குனிந்தன. கதவுக்குக் குறுக்கே, பளபளவென்று, குடை நீண்டிருந்தது.

குடை சாரும் குனிந்து பார்த்தார். யாரோ வைத்துவிட்டுப் போன குடையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மெல்ல உள்ளே இழுத்தார். மணி கப்சிப்பென்று அடங்கியது.

பல்லக்கா எடுத்து வைத்த அடியைத் திரும்ப உள்ளே வைத்தாள். இந்தத் தடவை ஓரமாக இல்லை. நன்றாக நடுவில், தட்டும் தானுமாக, இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டாள். டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

கதவு மூட ஆரம்பித்தது. மூடுகிற கடைசி இடுக்கு வழியாக, கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட் இன்னும் சரியாக இருக்கிற அந்த மனிதர் பக்கவாட்டில் நழுவி வெளியே இறங்கினார். குடையை ஊன்றி, ஊன்றி, சோப்புத் தண்ணீர் நுரைக்கிற படியில் ஒவ்வொரு அடியாக இறங்கிப் போனார்.